முதல் கெடாத கடன்



திருவொற்றியூர் என்றதும் வடசென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவன கண்டெய்னர் லாரிகளே. எண்ணூர் விரைவுச் சாலையில் மைல் கணக்கில் நிற்கும் அந்த வரிசைக்கும், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கும் அருகிலேயே ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள கோயில் ஒன்று இருப்பதை வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் வியப்பார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். அக்கோயிலின் தேரையும் தெப்பத்தையும் கண்டு வளர்ந்த நாங்கள், அதன் சுவர்களை வாசிக்கலாம் என்பதை முப்பது வயதுக்குப் பிறகே அறிந்தோம்.

நாங்கள் நால்வர். ஒருவர் இராயபுரம், ஒருவர் எண்ணூர், இருவர் திருவொற்றியூர். கதைப் புத்தகங்களைக் கைமாற்றிக் கொண்டதில் தொடங்கிய நட்பு. எங்களுக்குச் சுவர்களை வாசிக்கக் கற்றுத் தந்தவர் ஐந்தாமவர். எங்களைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை வாழ்நாளெல்லாம் எண்ணிய பழக்கத்தாலோ என்னவோ, கல்வெட்டிலும் எண்களைத்தான் முதலில் தேடுவார். எத்தனை கழஞ்சு, எத்தனை நாழி, எத்தனை விளக்கு என்று கணக்குப் பார்த்த பிறகே அரசன் பெயருக்கு வருவார். தொழிற்சங்கத்தில் ஊறியவர், கோயிலில் கைகூப்பி நின்று நாங்கள் கண்டதில்லை. ஆனாலும் 2006இல் எங்களுக்கு அறிமுகமான நாள் முதலாக அவர் அக்கோயிலுக்குப் போகாத மாதம் இருந்ததாக நினைவில்லை. நாங்கள் அவரை 'ஐயா' என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறோம்.

ஐயாவுக்கு மிகவும் பிடித்த மனிதர் ஒருவர் அக்கோயிலின் வரலாற்றில் உண்டு. பெயர் சதுரானன பண்டிதர். பத்தாம் நூற்றாண்டில் திருவொற்றியூர் மடத்தின் தலைவராக இருந்தவர். இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறது. இன்றைய கணக்கில் 959ஐ ஒட்டிய காலம். வடமொழிச் செய்யுளும் தமிழ் உரைநடையும் கலந்த அக்கல்வெட்டை வே. இராகவன் எபிகிராபியா இண்டிகாவின் 27ஆம் தொகுதியில் பதிப்பித்திருக்கிறார். ஐயா அதன் ஒளிப்படியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரேஷன் அட்டையைப் போலப் பத்திரமாக வைத்திருந்தார்.

அக்கல்வெட்டு சொல்லும் வாழ்க்கை இதுதான். கேரள நாட்டில் பிறந்தவர், இயற்பெயர் வல்லபன். இளமையிலேயே கலைகள் பலவும் கற்றுச் சோழ நாட்டுக்கு வந்து, முதலாம் பராந்தகனின் மூத்த மகனான இராசாதித்தனுக்கு நெருங்கியவரானார். இராசாதித்தன் அப்போது திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூரில் படையுடன் தங்கியிருந்தான். வடக்கிலிருந்து வரக்கூடிய பகைக்கு அது எல்லைக் காவல். அவன் படையில் கேரளத்தார் பலர் இருந்தனர். அவர்களுள் படைத்தலைவனாக விளங்கிய வெள்ளங்குமரன் 943இல் பெண்ணையாற்றங்கரைக் கிராமம் என்னும் ஊரில் சிவபெருமானுக்குக் கற்றளி எடுத்தான். அந்த வெள்ளங்குமரனும் நம் வல்லபனும் ஒருவரே எனக் கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

949இல் தக்கோலத்தில் போர் நடந்தது. அரக்கோணத்துக்கு அருகே, இரயிலில் போனால் திருவொற்றியூரிலிருந்து அரை நாள்கூட ஆகாத தொலைவுதான். யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் அம்பு பட்டு மாண்டான். கங்க அரசன் இரண்டாம் பூதுகன் அவனைக் கொன்றதைக் கருநாடகத்து ஆதகூர்க் கல்வெட்டு பெருமையுடன் பதிவு செய்கிறது. சோழர் தரப்பிலோ அவன் 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' ஆனான். யானைமேல் துயின்றவர். தோல்வியை இதைவிடக் கண்ணியமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

வல்லபன் அன்று அவனருகில் இல்லை. காரணம் எதுவாயினும், தலைவனோடு மாளும் பேறு தமக்கு வாய்க்கவில்லை என்பதே அவருடைய துயரம். அந்தக் காலத்துப் போர்வீரனுக்கு இது சிறிய குறையன்று. சோற்றுக்கடன் கழிப்பது என்பார்கள். உண்ட சோற்றுக்கு உயிரைத் தருவதே அந்தக் கணக்கின் முடிவு. அவருடைய கணக்கு முடியாமலே நின்றுவிட்டது. உலகியலில் வெறுப்புற்றுக் கங்கையாடிய அவர், திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குரு மரபின் மடத்தில் துறவு பூண்டார். வல்லபன் சதுரானனர் ஆனார். பல்லவர் காலத்திலேயே நிரஞ்சனேசுவரம் என்னும் கோயிலைத் தந்த பழைய மரபு அது.

இங்கேதான் ஐயா தம் விரலைக் கல்லில் வைத்தாற்போல ஒன்றைக் காட்டுவார். "யாரோட வருஷத்துல எழுதியிருக்கு பாருங்க" என்பார். கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று தன்னை அழைத்துக்கொண்ட கன்னரதேவன்தான் அந்த மூன்றாம் கிருஷ்ணன். இராசாதித்தனை வீழ்த்திய படைக்கு உரியவன். தக்கோலத்துக்குப் பிறகு தொண்டை மண்டலம் அவன் கைக்குப் போயிற்று. ஆகவே தம் இளவரசனை இழந்த துயரத்தைக் கல்லில் வெட்டச் சொன்ன மனிதர், அதன் தலையில் அந்த இளவரசனைக் கொன்ற தரப்பு அரசனின் ஆண்டைப் போட வேண்டியிருந்தது! ஆட்சி எவருடையதோ அவருடைய ஆண்டுதான் நாட்காட்டி, வேறு வழியில்லை. கம்பெனி மாறினாலும் அதே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் எங்கள் பகுதித் தொழிலாளருக்கு இது எளிதில் விளங்கும்.

சரி, துறவியான பின் அவர் என்ன செய்தார்? வாளை எடுக்கவில்லை, பழி வாங்கக் கிளம்பவில்லை. வழிபாடு ஒன்றை ஏற்படுத்தினார். 100 நிஷ்கப் பொன்னை நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் வைத்து, அதன் வட்டியைக் கொண்டு, தாம் பிறந்த அவிட்ட நாளில் திருவொற்றியூர் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நடக்கும்படி செய்தார்.

கல்வெட்டு வாசிக்காதவர்களுக்காக இம்முறையைச் சற்று விளக்குகிறோம். அக்காலத்தில் கோயிலுக்குப் பொன் கொடுப்பவர் பெரும்பாலும் அதை உண்டியலில் போடவில்லை. ஊர்ச் சபையிடமோ வணிகரிடமோ முதலாக வைத்தார். அந்த முதலை எவரும் தொடக்கூடாது. அதிலிருந்து ஆண்டுதோறும் வரும் பொலிசை, அதாவது வட்டி, நெய்யாகவோ நெல்லாகவோ கோயிலுக்கு வந்து சேர வேண்டும். எவ்வளவு காலம்? சந்திரனும் சூரியனும் உள்ளவரை. 'சந்திராதித்தவற்' என்று கல்வெட்டுகள் சுருக்கமாகச் சொல்லும். முதல் கெடாது, கடன் தீராது, வட்டி மட்டும் நின்றுவிடாமல் வந்துகொண்டிருக்கும்.

இதை வைத்து எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. இளவரசனுக்காகத் துறவு பூண்டவர், வழிபாட்டை மட்டும் ஏன் தம்முடைய நட்சத்திரத்தில் வைத்தார்? இராசாதித்தன் பிறந்த நாளிலோ மாண்ட நாளிலோ அல்லவா வைத்திருக்க வேண்டும்? எண்ணூர் நண்பர் இதைத் தன்னலம் என்றார். திருவொற்றியூர்க்காரர் இருவரும் அது அக்கால வழக்கம், பெரிதுபடுத்த வேண்டாம் என்றனர். ஐயா மட்டும் வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, "சாக வேண்டிய நாள்ல சாகல. பொறந்த நாள் ஒண்ணுதான் மிச்சம். அதைக் குடுத்துட்டான்" என்றார். கடவுளை வணங்காத மனிதர் ஒரு நிவந்தத்துக்கு இப்படிப் பொருள் சொல்லியது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

இராயபுரத்து நண்பர் அப்போது வேறொருவரை நினைவூட்டினார். இராயபுரம் என்ற பெயரே இராயப்பர், அதாவது புனித பேதுருவின் பெயரால் வந்தது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். படகோட்டிச் சமூகத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய அந்த இராயப்பர் தேவாலயத்தில் சிறுவயது முதல் பாடற்குழுவில் இருந்தவர் அவர். திருச்சபை இசையின் வரலாற்றைத் தேடிப் படிப்பவர். அவர் சொன்னவர் பிராங்கு நாட்டு மெட்ஸ் நகரத்து ஆயர் குரோடகாங். அரசவையில் சார்லஸ் மார்ட்டெலின் ஆவணச் செயலராகப் பணியாற்றிவிட்டு 742இல் ஆயரானவர். 753இல் இரண்டாம் ஸ்தேவான் என்ற போப்பை ரோமிலிருந்து பிராங்கு நாட்டுக்கு அழைத்துவந்த தூதுக்குழுவில் சென்றவர். ரோமானிய வழிபாட்டு முறையையும் பாடல் முறையையும் மெட்ஸில் புகுத்தியவர். தம் பேராலயக் குருமார் எந்த வேளையில் கூடி எதை ஓத வேண்டும், எப்படி ஒன்றாக உண்டு உறங்க வேண்டும் என்று 755ஐ ஒட்டி ஒரு விதிநூலும் எழுதினார். 766இல் மறைந்தார். மெட்ஸின் பாடல் முறை அதன்பின் நெடுங்காலம் புகழுடன் விளங்கியது.

"அவரும் அரசாங்க ஆள்தான், இவரும் அரசாங்க ஆள்தான். இரண்டு பேரும் கடைசியில் நாளையும் வேளையையும் ஒழுங்கு செய்துவிட்டுப் போனார்கள்" என்றார் நண்பர். இருவருக்கும் இடையே சுமார் இருநூறு ஆண்டுகளும் ஒரு பெருங்கடலும் உள்ளன; ஒருவர் போரில் உடைந்தவர், மற்றவர் பதவியில் உயர்ந்தவர். ஆயினும் அரண்மனைகளையும் படைகளையும் அருகிலிருந்து பார்த்த இருவரும் நிலைக்கும் என்று நம்பியது ஒன்றைத்தான்: குறித்த நாளில், குறித்த வேளையில், தாம் இல்லாதபோதும் யாரோ ஒருவர் செய்துகொண்டிருக்கும் செயல்.

அந்த நம்பிக்கை திருவொற்றியூரில் பொய்க்கவில்லை. சதுரானன பண்டிதர் என்பது ஒருவர் பெயராக நில்லாமல் மடத்தலைவர்களின் பட்டப்பெயராயிற்று. சோழர் மீண்டும் எழுந்தனர். முதலாம் இராசேந்திரன் காலத்தில் சதுரானன பண்டிதர் ஒருவருடைய ஏவலின்படி, இரவி என்ற வீரசோழத் தச்சன் கருவறையைக் கருங்கல்லில் எடுத்தான். இன்றும் நாம் காணும், பின்புறம் யானையின் முதுகு போல் வளைந்த தூங்கானைமாட விமானம் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராசன் பங்குனி உத்திர விழாவுக்கு இங்கு வந்து, ஆளுடைய நம்பியின் புராணத்தைக் கேட்டபோது அருகிருந்தவர்களுள் சோமசித்தாந்தம் உரைத்த வாகீச பண்டிதரும் ஒரு சதுரானன பண்டிதரும் இருந்தனர். தக்கோலத்துக்குப் பிறகு இருநூறு ஆண்டுகளைக் கடந்தும், சோழ மன்னனின் அருகில் ஒரு சதுரானனர்!

ஆளுடைய நம்பி என்பது சுந்தரர். அவர் கதையும் இவ்வூரில் ஒரு வாக்கில்தான் சிக்கியிருக்கிறது. சங்கிலி நாச்சியாரை மணக்கும்போது 'உன்னைப் பிரியேன்' என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்தார். வசந்தம் வந்ததும் திருவாரூர் நினைவு வர, சூளை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார்; கண்கள் இரண்டும் ஒளி இழந்தன. மாசித் திருவிழாவின் மகிழடி சேவையில் அச்சூளுறவை இன்றும் நினைவுகூர்கிறார்கள். சுந்தரர் பிறந்த ஊர் எது? திருநாவலூர். இராசாதித்தன் படையுடன் இருந்த அதே திருநாவலூர். ஒருவர் அவ்வூரிலிருந்து வந்து இங்கே வாக்களித்துப் பிரிந்தார். மற்றவர் அங்கே பிரிந்ததற்காக இங்கே வந்து தங்கினார். ஒற்றி என்ற சொல்லுக்கு அடைமானம் என்றும் பொருள் உண்டு. கொடுத்த வாக்கைக் காக்க இயலாதவர்கள் தம்மையே அடைமானம் வைக்க இதைவிடப் பொருத்தமான பெயருடைய ஊர் உண்டா!

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். உண்மையில் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

திருவொற்றியூர் இறைவன் திருமேனி ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டிருக்கும். கார்த்திகை முழுநிலவை ஒட்டி மூன்று நாள்கள் மட்டும் கவசம் களைந்து புனுகு சாத்துவார்கள். அந்நாள்களில் கோயிலுக்குள் நுழைவதே கடினம். கூட்டத்தை விரும்பாத ஐயா ஆண்டுதோறும் அதற்கு மட்டும் தவறாமல் போவார். "கணக்கு சரியா இருக்கான்னு வருஷத்துல ஒரு தடவ துணியை விலக்கிப் பாக்கணும்ல" என்று சிரிப்பார். 2020 கார்த்திகையில் எங்களையும் அழைத்தார். கொரோனா அச்சம், வேலை, வீட்டில் எதிர்ப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். "அடுத்த வருஷம் எல்லாருமா போவோம் ஐயா" என்று தொலைபேசியில் வாக்களித்தோம். அவர் தனியே போய்வந்தார்.

2021 மே மாதம் அவர் காலமானார். இரண்டாம் அலையின் உச்சம். ஊரடங்கு. செய்தி வந்தபோது நாங்கள் நால்வரும் அவர் வீட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டருக்குள்தான் இருந்தோம். தடை இருந்தது உண்மை. ஆனால் ஒருவராவது போயிருக்க முடியும் என்பதும் உண்மை. நாங்கள் அஞ்சினோம். இதை இவ்வளவு வெளிப்படையாக எழுத எங்களுக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

மூன்று மாதம் கழித்துத் துக்கம் விசாரிக்கப் போனோம். அம்மா எங்களை ஒரு சொல்லும் கேட்கவில்லை. காப்பி கொடுத்தார். உள்ளே போய், ரிஜிஸ்டர் போல் கனமான இரண்டு நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஐயா பதினைந்து ஆண்டுகளாக எழுதிவந்த குறிப்புகள்: கோயிலில் எந்தச் சுவரில் எந்தக் கல்வெட்டு, எந்த வரி சுண்ணாம்பில் மறைந்திருக்கிறது, எது பதிப்பில் இருக்கிறது என்பவை.

"இத நீங்களே வெச்சுக்குங்க தம்பி. அவருக்கப்பறம் எங்க வூட்ல இதப் படிக்கறவங்க யாரு?" என்றார்.

தட்டச்சு செய்து, சரிபார்த்து, எல்லாரும் படிக்கும்படி செய்கிறோம் என்று அம்மாவிடம் வாக்களித்தோம். இரண்டாவது வாக்கு! நோட்டுகள் எங்களுள் ஒருவர் வீட்டுப் பரணில் ஏறின. ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு. ஒவ்வொரு முறை சந்திக்கும்போதும் அதைப் பற்றிய பேச்சு வரும். அடுத்த மாதம் தொடங்குவதாகப் பிரிவோம். பிறகு அந்தப் பேச்சைத் தவிர்ப்பதற்காகச் சந்திப்பதையே குறைத்துக்கொண்டோம்.

2024 கார்த்திகையில் எவரும் எவரிடமும் சொல்லாமல் நால்வரும் கோயிலுக்கு வந்திருந்தோம் என்றால் நம்புவது கடினம். ஆகவே நடந்ததையே சொல்கிறோம். எண்ணூர் நண்பர் மூவருக்கும் தொலைபேசி செய்து சண்டை போட்டுத்தான் வரவழைத்தார். தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கி வரிசையில் நின்றோம். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கிடைத்தது சில நொடிகள். புனுகின் மணம், விளக்கொளியில் கருமையாக ஓர் உருவம், பின்னாலிருந்து ஒரு தள்ளு; வெளியே வந்துவிட்டோம்.

வெளிச்சுற்றில் உட்கார்ந்தபோது எண்ணூர் நண்பர் பையிலிருந்து முதல் நோட்டை எடுத்தார். சதுரானனர் பக்கம் அதில் நெடுநாளாக மடங்கியே இருந்தது. ஆண்டு, பொன், சபை, நட்சத்திரம் எல்லாம் வழக்கம்போல் பட்டியலாக. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: 'சாகவில்லை. சரி, அப்புறம் என்ன செய்தான் என்பதுதான் கேள்வி.'

அந்த வரியை மாறி மாறிப் படித்தோம். ஐயா அதை எங்களுக்காக எழுதவில்லை. எழுதிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். இருந்தாலும் அதற்கு விடை சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் இருந்தோம். போகாத இறுதிப் பயணத்துக்கு இனிப் போக முடியாது. அந்த முதலை எவராலும் திருப்பித் தர இயலாது. வட்டி மட்டும் கட்டலாம். சதுரானனர் செய்தது மன்னிப்புக் கேட்பது அன்று என்று அப்போது தோன்றியது. இறந்தவனிடம் எப்படிக் கேட்பது? அவர் தம் குற்றவுணர்வுக்கு ஒரு நாளும் ஒரு முறையும் வகுத்து, அதைத் தம் மனநிலையின் பொறுப்பில் விடாமல் ஒரு சபையின் பொறுப்பில் விட்டார். மனம் மறக்கும், சபை மறக்காது. நால்வர் என்பதும் ஒரு சிறிய சபைதானே?

அன்று முதல் அவிட்டம் வரும் நாள்களில் மாலையில் அக்கோயிலின் வெளிச்சுற்றில் கூடுகிறோம். பூசை எதுவும் இல்லை. ஐயாவுக்கு அது பிடிக்காது. ஒருவர் நோட்டைப் படிக்க, ஒருவர் மடிக்கணினியில் அடிக்க, மற்ற இருவர் சுவரோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு நாளைக்கு ஆறு அல்லது ஏழு பக்கம். ஐயாவின் கையெழுத்து விளங்காத இடங்களில் சண்டை. அவிட்டம் வேலை நாளில் வந்தால் ஒருவரோ இருவரோதான் வருவார்கள். இரண்டு மாதம் எவருமே வரவில்லை. ஆனால் மூன்றாம் மாதம் தொடர்ந்தது. முதல் நோட்டு முடிந்துவிட்டது. அதன் அச்சுப்படியை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு இருக்குமே?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது, அம்மா. அடுத்த அவிட்டத்தில் அதைத் தொடங்குகிறோம்.